தமையனார் செய்த வண்டி

மனிதர் பிறத்தல் ஒன்று. பிறந்தாரென்று எழுதப்பெறுதல் மற்றொன்று. கோயிற் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஞானஸ்நானங் கொடுத்த குருவானவரின் கையொப்பம் ஆகிய அனைத்தும் அதில் ஒரே வரியில் அடங்கிவிடும். அவ்வொரு வரியைக் கொண்டே, பல்லாண்டு கழிந்த பின்னரும், இன்னார் இன்னாரென்று சபை சான்று கூறும். எங்கள் தந்தையார் ஒரு சிற்றூர்ச் சபையில் உபதேசியாராக ஊழியஞ் செய்தவர். அப்பதிவேட்டைப் பேணும் பணி அவர் கையதாயிருந்தது. மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தவன் கோயிற் பதிவேட்டில் தொடங்குவானேன் என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். இவ்விரண்டும் என் வாழ்வில் ஒன்றையொன்று எதிர்ப்பட்ட கதையையே ஈண்டு எழுதுகின்றேன்.

தந்தையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது யான் ஒன்பதாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்த என் தமையனார் அன்றே தம் படிப்பை நிறுத்திவிட்டுக் கோவைப் பகுதியிலுள்ள லேத்துப் பட்டறை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். யான் இன்று தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் அமர்ந்து இலக்கணம் ஓதுவது அவர் கைகளில் ஏறிய எண்ணெய்க் கறையின் பயனேயாகும். இதனை அவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. ஆதலின் யான் எழுதுவது கடனாயிற்று.

கோவை நாட்டிற்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு பழமையானது. ஜி. டி. நாயுடு அவர்கள் 1952ஆம் ஆண்டில் இருவர் அமரத்தக்க சிறு மோட்டார் வண்டியொன்றை ஆக்கினார் என்பதும், அரசினர் உரிமம் வழங்காமையால் அம்முயற்சி நின்றுபோயிற்று என்பதும் அவ்வூரார் இன்றும் எடுத்துரைக்கும் செய்திகள். சென்னைக்கு வடக்கே சோழவரத்து விமானத் தளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்ற காலத்தில், கோவைப் பட்டறைகளிலிருந்தும் வண்டிகள் அங்குச் சென்றதுண்டு. கரிவரதன் அவர்கள் 1980களின் இறுதியில் மாருதி 800 வண்டியின் சிறிய இயந்திரத்தைக் கொண்டு ஒருவர் மட்டும் அமரும் பந்தய வண்டியை வகுத்தார். ‘பார்முலா மாருதி’ என்று பெயர் பெற்ற அது நடுத்தர வருவாயுடைய இளைஞர்க்கும் பந்தயத் தளத்தின் வாயிலைத் திறந்துவிட்டது. அவர் பெயரால் அமைந்த ஓட்டத் தளம் 2003ஆம் ஆண்டு முதல் செட்டிபாளையத்தில் உள்ளது. இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த ஓர் இளைஞர், தாமும் ஒரு வண்டி செய்யவேண்டும் என்று விழைந்ததில் வியப்பில்லை.

மூன்றாண்டு காலம் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவ்வேலை நடந்தது. பட்டறை முடிந்து இரவு எட்டு மணிக்கு வருவார், உண்பார், பதினொரு மணிவரை கொல்லையில் வெல்டிங் ஒளி மின்னிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அன்னையார் அக்கொட்டகையின் திறவுகோலைத் தம் முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்வார். விபத்தில் நசுங்கிய பழைய மாருதி 800 ஒன்றை வாங்கி, அதன் மூன்று சிலிண்டர் இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் தமையனார் கழற்றி எடுத்தார். இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து, பட்டறையில் சேஸிஸ் என்று சொல்லும் அடிச்சட்டத்தைப் புதிதாகவே அமைத்தார். அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி மேற்கூடு செய்தார். முடிந்தபோது அவ்வண்டி என் இடுப்பளவு உயரமே இருந்தது. இருவர் அமரலாம், கூரை இல்லை, நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே நின்றன. பந்தய வண்டியின் சாயல் அதற்கு முழுதும் இருந்தது. ஆனால் விளக்கு, திருப்பக் குறி காட்டும் இண்டிகேட்டர், ஹாரன், பின்பார்க்கும் கண்ணாடி என்று சாலைக்கு வேண்டுவன யாவும் பொருத்தப்பட்டிருந்தன. அதனைப் பார்க்க நகரத்திலிருந்து இருவர் வந்தனர். பதிவெண் கிடைக்குமாயின் தங்களுக்கும் அத்தகைய வண்டி செய்து தரவேண்டும் என்று சொல்லிப் போயினர். சொந்தப் பட்டறை என்னும் கனவு அன்றுதான் தமையனார் கண்களில் முதன்முதலாகத் தோன்றிற்று. அன்னையாரின் சங்கிலி அப்போது அடகுக் கடையில் இருந்தது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு யானும் உடன் சென்றேன். வண்டியைச் சாலையில் ஓட்டலாகாதாகையால் அதன் புகைப்படங்களையே எடுத்துச் சென்றோம். மோட்டார் வாகன ஆய்வாளர் வயது முதிர்ந்தவர், கடிந்து பேசாதவர். படங்களை ஒவ்வொன்றாக எடுத்து நெடுநேரம் நோக்கினார்.

“தம்பி, வேலை வெகு நேர்த்தியாக இருக்கிறது. படிவம் 20 என்பது உங்கள் விண்ணப்பம். அதை நீங்கள் எழுதிவிடலாம். படிவம் 21 என்பது விற்றவர் தரும் சான்று. படிவம் 22 என்பது, இவ்வண்டி சாலைக்குத் தக்கது என்று உற்பத்தி செய்தவர் தரும் சான்று. அவ்விரண்டையும் யார் தருவார்?” என்றார்.

“செய்தவன் நான்தானே, ஐயா” என்றார் தமையனார்.

“சட்டம் சொல்லும் உற்பத்தியாளர் நீங்கள் அல்லர். இதற்குத் தகப்பன் யார் என்று நான் எழுதுவேன்?”

அவர் இகழ்ச்சியாகச் சொன்னதன்று, வருத்தத்தோடு சொன்னதேயாம். ஆயினும் அச்சொல் தமையனாரைத் தைத்தது. பேருந்தில் வீடு திரும்பும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்று முதல் யான் தமையனாருக்காக இப்பொருளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதிவு பெறாத வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டுதல் கூடாது என்கின்றது. 1989ஆம் ஆண்டின் மத்திய விதிகள், உற்பத்தியாளர் தம் வண்டியின் முன்மாதிரியைப் புனே நகரத்திலுள்ள ஏ. ஆர். ஏ. ஐ. போன்ற தேர்வு நிலையங்களுக்கு அனுப்பித் தகுதிச் சான்று பெறவேண்டும் என்று விதிக்கின்றன. ஒரு முன்மாதிரி தேறினால் அதனைப் போன்ற ஆயிரம் வண்டிகள் அச்சான்றின் நிழலில் வெளிவரலாம். இம்முறை பெருந்தொழிற்சாலைக்குப் பொருந்தும். வாழ்நாளில் ஒரே வண்டி செய்பவனை அவ்விதிகளை வகுத்தோர் நினைந்திலர். இனி, இருக்கும் வண்டியை மாற்றலாமோ எனின், 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கின்றது. எரிவாயுக் கருவி பொருத்துதல் போன்ற சில மாற்றங்களையன்றி, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பது அதன் கருத்து. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் அவ்வாறே தீர்ப்பளித்தது. ஆகவே தமையனாரின் வண்டி புதியதாகவும் பிறக்க இயலாது. பழையதன் மாற்றமாகவும் வாழ இயலாது.

நிற்க. இவ்விடர்ப்பாடு ஏழைப் பட்டறைக்காரர்க்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். ஜெர்மனி நாட்டுப் போர்ஷே நிறுவனத்தார் 1969ஆம் ஆண்டில் ‘917’ என்னும் பந்தய வண்டியை வெளியிட்டனர். 12 சிலிண்டர்கள் கொண்ட அதனைப் பந்தயத்தில் ஏற்றுக்கொள்வதற்கே ஒரு விதி இருந்தது. 25 வண்டிகள் செய்து முடித்திருக்கவேண்டும். பார்வையாளர் முதன்முறை சென்றபோது சில வண்டிகளே முடிந்திருந்தன. எஞ்சியவை அரைகுறையாகவும் உறுப்புக் குவியல்களாகவும் கிடந்தன. பார்வையாளர் ஒப்பவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் நிறுவனத்தார் 25 வண்டிகளையும் தொழிற்சாலை முன்றிலில் வரிசையாக நிறுத்திக் காட்டிய பின்னரே இசைவு கிடைத்தது. அவ்வகை வண்டியே 1970, 1971 ஆகிய இரண்டாண்டுகளிலும் பிரான்சு நாட்டு லெ மான் நகரத்து 24 மணிப் பந்தயத்தில் வெற்றி பெற்றது.

அவ்வண்டிகளுள் ஒன்றைச் சாலையில் ஓட்ட விரும்பினார் இத்தாலியப் பிரபுவான ரோசி என்பவர். அவர் விருப்பப்படி போர்ஷே நிறுவனத்தார் 1975ஆம் ஆண்டில் ஒரு 917 வண்டிக்குச் சைலன்சர், கண்ணாடிகள், இண்டிகேட்டர்கள், தோல் இருக்கை முதலியவற்றைப் பொருத்திக் கொடுத்தனர். வண்டி ஆயத்தமாயிற்று, எண் தருவார் எவர்? ஐரோப்பாவில் வழி கிடையாமற்போகவே, கடல் கடந்து அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அதற்குப் பதிவெண் பெற்றனர். அவ்வண்டி அம்மாநிலத்தில் ஓடாது என்ற உறுதியின்பேரிலேயே அந்த எண் வழங்கப்பட்டதென்பர். பிரபுவோ அலபாமாத் தகட்டோடு ஜெர்மனியிலிருந்து பாரிசுக்குத் தாமே ஓட்டிச் சென்றார்! அதன் நினைவாக, ஐம்பது ஆண்டு கழித்து 2025 ஜூனில் அந்நிறுவனத்தார் ‘963’ என்னும் இக்காலப் பந்தய வண்டியொன்றையும் சாலைக்கேற்ப மாற்றி, அதிகாரிகளின் தனி இசைவு பெற்று லெ மான் நகரத்தில் ஓட்டிக் காட்டினர்.

இக்கதையைத் தமையனாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். “பிரபுவுக்கு அலபாமா இருக்கிறது, தம்பி. நமக்கு?” என்றார். அச்சிரிப்பில் கசப்பு இருந்தது. செல்வர்க்குச் சட்டம் வேலியன்று, சுற்றிவரும் பாதையே என்று எண்ணும் மனத்தில் ஒரு நஞ்சு ஊறத் தொடங்கும். அந்நஞ்சு எங்கள் வீட்டிலும் ஊறிற்று.

அந்நாளில் இடைத்தரகர் ஒருவர் வந்தார். “இதற்கா கலங்குகிறீர்கள்? நசுங்கிய மாருதியின் ஆர்.சி. புத்தகம் உங்களிடம் இருக்கிறதல்லவா? அதன் சேஸிஸ் எண் பொறித்த பகுதியை வெட்டி உங்கள் வண்டியிற் பற்றவைத்துவிடுங்கள். விபத்திற் சிதைந்த மேற்கூட்டைச் செப்பனிட்டோம் என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மற்றது என் பொறுப்பு” என்றார். பின்னர் என்னைச் சுட்டி, “தம்பி தமிழ் படிப்பவர் அல்லவா? நன்றாக எழுதுவார்” என்று சொல்லி நகைத்தார்.

தமையனார் என்னை நோக்கினார். அந்நோக்கை யான் என்றும் மறவேன். ஐந்தாண்டுகளாக எனக்காக உழைத்தவர் என்னிடம் முதன்முறையாகக் கேட்டது ஒரு பக்கத் தமிழ். அதை மறுக்க எனக்கு வாய் எழவில்லை. அன்றிரவே எழுதினேன். உண்மையைச் சொல்லின், மிக நன்றாகவே எழுதினேன். ‘செப்பனிடப்பட்ட’ என்னும் ஒரு சொல்லில் மூன்றாண்டு உழைப்பும், புதிய சட்டகமும், கழிந்துபோன வண்டியின் சாவும் மறைந்துபோயின. கற்ற இலக்கணம் முழுதும் அப்பொய்யைத் தாங்கி நின்றது. அதனைத் திரும்பப் படித்தபோது எனக்குத் தந்தையாரின் நினைவு வந்தது.

அவர் காலத்தில் சபையைச் சேர்ந்த செல்வர் ஒருவர் தம் மகனுக்கு வேலை கிடைப்பதற்காகப் பதிவேட்டிற் பிறந்த ஆண்டை ஒன்று தள்ளி எழுதவேண்டும் என்று கேட்டார். தந்தையார் இசையவில்லை. அதனால் எங்கள் குடும்பத்திற்கு நேர்ந்த இன்னல்களை ஈண்டு விரித்தல் வேண்டா. அதே தந்தையார், கோயில் வாயிலில் யாரோ விட்டுச்சென்ற பெண் குழந்தையொன்றிற்கு ஞானஸ்நானம் நடந்தபோது, பெற்றோர் பெயர் எழுதும் இடத்தில் ‘அறியப்பெறவில்லை’ என்று எழுதினார். மற்றொருவர் பெயரை எழுதிவிட்டால் என்ன என்று சிலர் வினவினர். “பொய்ப் பெயரைக் காட்டிலும் வெற்றிடம் மேல். ஆனால் வரி இல்லாமற் போகக்கூடாது, பிள்ளை இருக்கிறதே!” என்றார் அவர். சிறுவனாகிய யான் அப்போது அதன் பொருளை அறிந்தேனல்லேன்.

விடிந்ததும் தமையனாரிடம் சென்று, “அண்ணா, எழுதினேன், ஆனால் கொடுக்கமாட்டேன்” என்றேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார். “நன்றாயிருக்கிறதே! படித்தவனுக்கு இப்போது நியாயம் வந்துவிட்டதோ? உன் கல்லூரிச் சம்பளம் கட்டிய நாளில் வரவில்லையே!” என்றார். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அத்தாளையும் அவர் திருப்பித் தரவில்லை. தரகர் இருமுறை வந்துபோனார். அன்னையார் யாருடைய பக்கமும் பேசாமல் இருவருக்கும் சோறிட்டார்.

அவ்விரு வாரத்தில் யான் இங்கிலாந்து நாட்டு முறையைப் படித்தேன். அங்குக் கையால் வண்டி செய்யும் வழக்கம் எளியோரிடையே வேரூன்றியது. லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957ஆம் ஆண்டில் ‘செவன்’ என்னும் சிறு வண்டியை வெளியிட்டார். முழு வண்டியாக வாங்கினால் விற்பனை வரி மிகுதி. உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லை. ஆதலின் எழுத்தரும் தொழிலாளரும் தம் வீட்டுக் கொட்டகையில் வண்டி பூட்டினர். 1973ஆம் ஆண்டில் வரிமுறை மாறி அந்த நன்மை ஒழிந்தது. அவ்வாண்டிலேயே அவ்வண்டியைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தார்க்குச் சென்றது. ஆயினும் கையால் செய்யும் வழக்கம் அழியவில்லை. அரசினரும் அதனை அழிக்க முனையவில்லை. 1998ஆம் ஆண்டில் ஒற்றை வண்டித் தேர்வு ஒன்றை ஏற்படுத்தினர். 2009ஆம் ஆண்டு முதல் ‘தனி வாகன ஒப்புதல்’ என்னும் கடுமையான தேர்வு அதன் இடத்தில் நடைபெறுகின்றது.

அத்தேர்வின் விவரங்கள் என்னைக் கவர்ந்தன. தேர்வாளர் வண்டியின் அடியிற் சென்று சட்டகத்தையும் பற்றவைப்பையும் பார்ப்பார். தடைக்கட்டை உருளைகளின் மேல் நிறுத்திச் சோதிப்பார். இருக்கைப் பட்டை எதிற் பிணைக்கப்பட்டுள்ளது, சுக்கான் எவ்வாறு இணைந்துள்ளது, புகை எவ்வளவு, ஒலி எவ்வளவு என்று அளப்பார். வேகங் காட்டும் கருவி, ஓடும் வேகத்தினும் குறைத்துக் காட்டினால் வண்டி தேறாது. வெளிப்புறத்தில் மனிதர் மேற் படக்கூடிய விளிம்பு எதுவும் கூராக இருத்தல் கூடாது. அதன் வளைவு 2.5 மில்லிமீட்டர் ஆரத்திற்குக் குறையலாகாது. செய்தவரின் மகிழ்ச்சியைக் காட்டிலும், தெருவிற் செல்லும் குழந்தையின் முழங்கால் பெரிது என்பதன்றோ அவ்விதியின் உட்பொருள்? தேறாத வண்டியைத் துரத்திவிடுவதில்லை. குறைகளை எழுதித் தருவர். திருத்திக்கொண்டு மீண்டும் வரலாம். இவை யாவற்றினும் என்னை நிறுத்திவைத்த செய்தி வேறொன்று. பிறப்பும் வயதும் உறுதியாக அறியப்படாத வண்டிகட்கு அந்நாட்டார் ‘கியூ’ என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணை வழங்குகின்றனர். தந்தையார் எழுதிய ‘அறியப்பெறவில்லை’ என்னும் வரி எனக்கு அங்கே மறுபடி தோன்றிற்று. பொய்ப் பெயரும் இல்லை; துரத்தலும் இல்லை; உண்மைக்கு ஓர் எழுத்து இருந்தது.

இதனிடையே, நண்பர் ஒருவர் லாரி தர, தமையனார் தம் வண்டியை அதில் ஏற்றி அடைப்புக்குட்பட்ட ஓட்டத் தளம் ஒன்றிற்குக் கொண்டுபோனார். அத்தகைய தளத்தில் ஓடும் பந்தய வண்டிகட்குப் பதிவெண் கேட்பாரில்லை. “வருகிறாயா?” என்று அன்று காலையில் ஒரு சொல் கேட்டார். யான் ஓடிச் சென்று லாரியில் ஏறிக்கொண்டேன். பத்துச் சுற்று ஓட்டினார். பிறகு என்னை அருகமர்த்தி இரண்டு சுற்று ஓட்டினார். தரை என் விரல் தொடும் அண்மையில் பறந்தது. காற்று கண்களில் நீர் வருவித்தது. மூன்றாண்டு இரவெல்லாம் அவர் எதனைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவ்வியந்திர முழக்கத்தில் யான் அறிந்தேன்.

வீடு திரும்பியதும், வழக்கப்படி சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். நெடுநேரம் எழுந்திராதிருக்கவே யான் அருகிற் சென்றேன். முன் இடச் சக்கரத்தைச் சட்டகத்தோடு பிணைக்கும் தகட்டின் பற்றவைப்பில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலன்றிப் புலப்படாது. அவர் கை நடுங்கிற்று. “இன்னும் நூறு கல் ஓடியிருந்தால் சக்கரம் கழன்றிருக்கும். சாலையில் என்றால்…” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. சிறிது பொழுது சென்று, “அந்த ஆய்வாளர் இதைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார். பார்க்கவே இல்லையே, தம்பி! தாளைத்தானே பார்த்தார்!” என்றார்.

பிறகு எழுந்துபோய், இரண்டு வாரமாகத் தம் கருவிப் பெட்டியில் வைத்திருந்த என் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். யான் அதனை அடுப்பிலிட்டேன்.

அன்பர்களே, அவ்வொரு வெடிப்பில் இரண்டு உண்மைகள் இருந்தன. பொய் விண்ணப்பம் வென்றிருந்தால், அவ்வெடிப்பு ஒரு செப்பனிட்ட மாருதியின் பெயரால் தெருவில் ஓடியிருக்கும்; அதன் பழியில் என் தமிழுக்கும் பங்கு இருந்திருக்கும். இஃது ஒன்று. மறுத்த அலுவலகமும் அவ்வெடிப்பைக் கண்டிலது என்பது மற்றொன்று. ‘இல்லை’ என்று சொல்லுதல் எளிது. குனிந்து பார்த்து, ‘இவ்விடம் பழுது, திருத்திக்கொண்டு வா’ என்று சொல்லுதலே அரிது. பதிவு என்பது வெறும் எண் தகடு அன்று. ஒருவர் பார்த்தார், அளந்தார், இவ்வழியே நடப்பவர்க்கு இதனால் தீங்கில்லை என்று தம் கையொப்பத்தால் பொறுப்பேற்றார் என்பதே அதன் பொருள். அப்பொருளை உட்கொண்டால், கையால் செய்த வண்டியை ஓட்ட விடுதலினும் அதனைப் பாராமலே ஒதுக்குதல் பாதுகாப்பு ஆகாது என்பது விளங்கும். பாராது ஒதுக்கப்பட்டவை கொட்டகையில் உறங்கிவிடுவதில்லை. தரகர் வழியே வேறு பெயரில் வெளிவரப் பார்க்கின்றன. எங்கள் வீட்டிலேயே அது நிகழ இருந்தது.

நம் நாட்டுச் சட்டம் புதிய வரி எழுதவே அறியாதது என்று சொல்லவும் இடமில்லை. ஐம்பதாண்டு கடந்த தொன்மை வண்டிகட்கென 2021ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. மூல வடிவம் பெரிதும் மாறாத அவ்வண்டிகட்கு ‘வி. ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம்; பத்தாண்டு செல்லும்; அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. தாத்தாவின் வண்டிக்கு ஒரு வரி எழுத இயன்ற ஏட்டில், பேரன் செய்த வண்டிக்கும் ஒரு வரி எழுத இயலாதோ? ஆண்டிற்கு இத்துணைக் கல் மட்டும், இன்ன வேகத்திற்கு உட்பட்டு, தேர்வு நிலையத்தார் அடிமுதல் நுனிவரை பார்த்த பின்னர் என்று எத்தனை நிபந்தனை வேண்டுமாயினும் விதிக்கலாம். என் தமையனார் அவற்றை மறுக்கமாட்டார். பார்ப்பார் ஒருவர் வேண்டும் என்பதே இன்று அவர் கேட்பது.

இக்கருத்தை உள்ளவாறே எழுதி, உரிய அதிகாரிகட்கு விண்ணப்பமாக அனுப்பியுள்ளேன். இதில் ‘செப்பனிடப்பட்ட’ என்னும் சொல் இல்லை. வெடிப்பையும் மறைக்கவில்லை. மறுமொழி இன்னும் வரவில்லை. வரும்வரை வண்டி கொட்டகையில் இருக்கும். சங்கிலி சென்ற கிறிஸ்துமஸுக்கு முன் மீண்டது, பட்டறைக் கூலியைக் கொண்டே.

தமையனார் அவ்விணைப்பைப் பிரித்து, தகட்டைக் கனமாக்கி, மறுபடியும் பற்றவைத்தார். அன்றே நூறு பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கிவந்து என் முன் வைத்து, “அப்பா எழுதினதுபோல் கோடு போட்டு எழுது” என்றார். எந்த இணைப்பு, எந்நாளிற் பற்றவைத்தது, யார் பார்த்தது, என்ன குறை கண்டது என்று நான்கு பத்தி இட்டேன். முதற்பக்கத்தின் தலைப்பில், செய்தவர் என்னுமிடத்தில் அவர் பெயரை எழுதினேன். பதிவெண் என்னுமிடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“விட்டு வை” என்றார் அவர்.

அவ்விடத்தை வெறுமையாக விட்டேன். வரி மட்டும் இருக்கின்றது.